பச்சைத்தோலின் பதம்

எங்கள் பசுவின் கழுத்தை நைலோன் கயிறு அறுத்துப் புண்ணாக்கியதைக் கண்ட நாளில்தான், தாத்தா பின்னி வைத்திருந்தது போன்ற ஒரு தோல்வாரை நானே செய்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றியது. எங்கள் தேயிலைத் தோட்டத்து முனியாண்டி கோயிலில் கிடா வெட்டு முடிந்ததும் தோல் பெரும்பாலும் குழியில்தான் புதைக்கப்படுகிறது. அதைக் கேட்டு வாங்கியபோது சிலர் முகம் சுளித்தார்கள். தோலைத் தொடுவதை இழிவாக நினைக்கும் பழக்கம் இந்தியாவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்து, தோட்டத்து லயன் வீடுகளிலும் நம்மோடு குடியிருக்கிறது. தப்பு மேளத்தின் ஓசைக்கு ஆடத் தெரிந்த நமக்கு, அந்தத் தப்பை இழுத்துக் கட்டும் கைகளை மதிக்கத் தெரியாமல் போனது எனக்குப் பெரிய வருத்தம்.

பச்சைத்தோல் என்பது பதனிடப்படாத தோல். மயிரும் ஊனும் நீக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்தால் போதும். மரப்பட்டைச் சாறோ பதனிடும் வேறு இரசாயனமோ அதற்குள் தங்குவதில்லை. அதனால்தான் காய்ந்தால் பலகை போல விறைக்கிறது, நனைந்தால் துணி போலத் தொய்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பதத்தைப் பிடிப்பதுதான் வேலை முழுவதும்.

தோல் கிடைத்த அன்றே குளிர்ந்த நீரில் இரத்தம் போகக் கழுவி, உட்புறத்து ஊனையும் கொழுப்பையும் வழித்துவிட வேண்டும். நான் ஒரு பருத்த பி.வி.சி. குழாயைச் சாய்த்து வைத்து, அதன்மேல் தோலை விரித்து, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் பழைய கவ்வாத்துக் கத்தியின் முதுகுப் பக்கத்தால் வழித்தேன்; கூர்ப்பக்கம் பட்டால் தோல் கிழிந்துவிடும். பிறகு 20 லீற்றர் பிளாஸ்ரிக் வாளியில் அரைக் கிலோ நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, அதில் தோலை முழுவதும் அமிழ்த்தி, நாளுக்கு இருமுறை தடியால் புரட்டிக் கொடுத்தேன். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். கைக்கு றப்பர் உறையும் கண்ணுக்குக் காப்பும் கட்டாயம். கீழ்நாட்டு வெயிலில் மூன்று நாட்களில் முடியும் இந்த வேலை, எங்கள் மலைநாட்டுப் பண்டாரவளைக் குளிரில் ஒரு வாரம் எடுத்தது. முதுகுப் பக்கத்து மயிர் கட்டைவிரலால் தள்ளியவுடன் வேரோடு வழுக்கிக்கொண்டு வந்தால் ஊறியது போதும்.

மயிரை வழித்த பின்னர் தோலுக்குள் இருக்கும் சுண்ணாம்பை வெளியேற்றாவிட்டால், பின்னல் நாளடைவில் நொறுங்கும். பலமுறை நீர் மாற்றிக் கழுவி, கடைசி நீரில் சிறிது வினாகிரி சேர்த்தேன். முழுவதும் போய்விட்டதா என்று பார்க்க நான் நம்புவது மஞ்சளைத்தான். தோலின் ஓரத்தில் ஒரு துண்டை நறுக்கி, வெட்டுமுகத்தில் மஞ்சள் நீரைத் தடவினால், நடுவில் சுண்ணாம்பு மிஞ்சியிருக்கும் இடம் மட்டும் ஆலத்தித் தண்ணீர் போலச் சிவக்கும். என் முதல் துண்டின் இரு ஓரங்களும் மஞ்சளாகவே இருக்க, நடுவில் ஒரு நூலளவு சிவப்புக் கோடு ஓடியது. இன்னும் ஒரு நாள் ஊறவைத்தேன்.

கழுவிய தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்துவதற்குக் காலம் பார்க்க வேண்டும். பண்டாரவளை இருக்கும் எங்கள் ஊவா மாகாணப் பக்கத்துக்கு ஆடி மாதத்தின் வறண்ட காற்றுத்தான் ஏற்றது. அதே நாட்களில் மலைக்கு அந்தப் பக்கம் ஹட்டனில் மழை ஓயாது. சென்ற முறை கார்த்திகை மழையில் தொடங்கிய என் அவசரத்துக்குத் தண்டனை கிடைத்தது. ஐந்து நாட்களாகியும் காயாமல் வாடை வரத் தொடங்கியதும், சட்டத்தோடு அடுப்புக்கு மேலே தூக்கிக் கட்டினேன். காலையில் பார்த்தால், அடுப்பை நோக்கிய பகுதி சுருங்கி, கண்ணாடி போல மினுங்கி, மடக்கியவுடன் படக்கென்று ஒடிந்தது. ஈரத்தோல் ஏறக்குறைய 60 பாகை செல்சியசைத் தாண்டினால் அதன் நார்கள் சுருங்கிப் பசையாகத் தொடங்கும். தச்சர்கள் மரம் ஒட்டும் வச்சிரப் பசை காய்ச்சுவதும் தோலின் இந்தக் குணத்தை வைத்துத்தான். ஆகவே நிழலும் காற்றும் மட்டும் போதும், நெருப்பு வேண்டாம்.

காய்ந்த தோலில் வயிற்றுப் பகுதியை ஒதுக்கிவிடுவது நல்லது, அது இழுத்தால் நீளும். முதுகுப் பகுதியில் 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டம் ஒன்றை வெட்டி, சற்று நனைத்து, ஓரத்திலிருந்து 8 மில்லிமீற்றர் அகலத்தில் சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டே போனால், கணக்குப்படி 8.8 மீற்றர் வார் கிடைக்கும். நடுவில் கத்தி திரும்பாத பகுதியைத் தள்ளினால் 8 மீற்றர் தேறும். பின்னல் நீளத்தைக் குறைப்பதால் ஒவ்வொரு பிரியும் முடிந்த நீளத்தைவிட ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். 80 சென்ரிமீற்றர் கழுத்துவாருக்கு ஆறு பிரி என்றால் 7.2 மீற்றர், ஒரே வட்டத்தில் அடங்கிவிடுகிறது.

பின்னும்போது வாரை நீரில் போட்டு வைக்கக்கூடாது. நனைத்து எடுத்து, ஈரத்துணியில் சுற்றி ஓர் இரவு வைத்தால், தொட்டால் குளிர்ச்சி தெரியும், பிழிந்தால் நீர் வராது. அந்தப் பதத்தில் பின்ன வேண்டும். நீர் சொட்டும் வாரில் பின்னினால் காயும்போது ஒவ்வொரு பிரியும் ஒடுங்கி, பின்னலில் சந்து விழும். முடிந்ததும் இரண்டு பலகைகளுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, உருக்கிய ஆட்டுக் கொழுப்பை இளஞ்சூட்டில் தேய்த்தேன். அதன் பிறகு, விறைப்பு உடையும்வரை இஸ்தோப்பு எனும் முன்திண்ணையின் தூணில் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தேன்.

ஈரமான வாரை எந்த உயிரின் கழுத்திலும் கட்டக்கூடாது. காயும்போது அது இறுகும். புண் ஆறும்வரை காத்திருந்து, நன்றாக உலர்ந்த வாரை நான்கு விரல் நுழையும்படி தளர்வாகக் கட்டினேன். மழை பிடித்தால் அவிழ்த்து, நாயும் எலியும் எட்டாதபடி உத்தரத்தில் மாட்டிவிடுகிறேன்.