எம்1 கார்பைனில் மேகசின் லொடலொடவென்று ஆடினால்

என் எம்1 கார்பைனை, அதாவது அந்தக் குட்டை ராணுவத் துப்பாக்கியைக் கையில் எடுத்து லேசாக உலுக்கினாலே, தோட்டா அடைத்துக் கீழே செருகும் பெட்டியான மேகசின் லொடலொடவென்று சத்தம் போடும். அதை நான் சரிசெய்யவில்லை, சரிசெய்யப் போவதும் இல்லை. அந்தச் சத்தம் ஒரு கோளாறே அல்ல. எந்த ஆட்டம் கோளாறு, எது இல்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நான் இருப்பது அமெரிக்காவின் ஒஹாயோவில், டேட்டன் பக்கம். இரண்டாம் உலகப்போரின்போது ஜெனரல் மோட்டார்ஸின் இன்லேண்டு பிரிவு இந்த ஊரில்தான் எம்1 கார்பைனைச் செய்தது. எல்லாத் தொழிற்சாலைகளும் சேர்ந்து மொத்தம் 60 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். ஆயுதத் தொழிற்சாலைகள் மட்டும் இல்லை, டைப்ரைட்டர் செய்த அண்டர்வுட், ஐபிஎம், ஜூக்பாக்ஸ் செய்த ராக்-ஓலா என்று பலரும் இதில் இறங்கினார்கள். ஒரு தொழிற்சாலையின் பாகம் இன்னொன்றின் துப்பாக்கியில் பொருந்தியாக வேண்டும். போர் முடிந்ததும் ராணுவப் பட்டறைகளில் எல்லாவற்றையும் பிரித்து, கலந்து, திரும்பக் கோத்தார்கள். அதனால் இன்று நம் கைக்கு வரும் கார்பைனில் ரிசீவர் (போல்ட் ஓடும் உலோக உடம்பு) ஓர் ஊர், டிரிகர் ஹவுசிங் (டிரிகர் பாகங்களைத் தாங்கும் கூடு) வேறு ஊர், மேகசின் மூன்றாவது ஊர் என்றுதான் இருக்கும். கொஞ்சம் இடைவெளி விட்டுச் செய்ததால்தான் இவை ஒன்றோடொன்று சேர்கின்றன. குளிரிலும் சேற்றிலும் சட்டென்று மேகசின் மாற்ற முடிந்ததும் அந்த இடைவெளியால்தான்.

போன மாதம் ரேஞ்சில் பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்த நம்மூர்த் தம்பி ஒருவர் வந்து, "அண்ணே, நீங்க வச்சிருக்கிறதும் கார்பைன்தானே? என்னோடதைக் கொஞ்சம் பாக்கிறீங்களா, மேகசின் நிக்கவே மாட்டேங்குது" என்றார். 30 தோட்டா கொள்ளும் நீள மேகசின் போட்டிருந்தார். முதல் சில தோட்டாக்கள் வரைக்கும் தகராறு. தோட்டாவைத் தள்ளி ஏற்றும் போல்ட் முன்னால் ஓடி மூடிவிடும், டிரிகரை அழுத்தினால் டிக் என்று ஒரு சத்தம், சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) காலி. மேகசின் பாதி தீர்ந்த பிறகு ஒழுங்காக வேலை செய்தது.

இந்தக் கடைசித் தகவல்தான் முக்கியம். பாயின்ட் 30 கார்பைன் தோட்டா ஒன்று ஏறக்குறைய 12, 13 கிராம் இருக்கும். 30 சேர்ந்தால் கிட்டத்தட்ட 380 கிராம், மேகசினின் சொந்த எடை தனி. அவ்வளவும் மேகசினில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முனைகளில்தான், துப்பாக்கியிலுள்ள கேட்ச் என்ற பிடிப்பில் தொங்குகிறது. மேகசின் ஒரு இம்மி கீழே சரிந்தாலும், போல்ட்டின் முகம் தோட்டாவின் அடியைப் பிடிக்காமல் மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும்.

சரி, எப்படிச் சோதிப்பது? முதலில் மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பிடித்து, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிடுங்கள். மேசையில் செய்யும் சோதனைக்கு உண்மைத் தோட்டா வேண்டாம், டம்மி தோட்டா போதும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

அப்புறம் மேகசினைப் போட்டு, எந்தத் திசையில் ஆடுகிறது என்று பாருங்கள். பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் ஆடினால் விட்டுவிடலாம். மேலும் கீழுமாக ஆடினால்தான் கவலை. நான் மேகசினில், துப்பாக்கியின் மரக் கட்டையின் விளிம்பு வரும் இடத்தில், ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுவேன். மேகசினை மேலே தள்ளிப் பிடித்து ஒரு பென்சில் கோடு, கீழே இழுத்துப் பிடித்து இன்னொரு கோடு. கையால் ஆட்டிப் பார்க்கும்போது எல்லாமே பெரிய ஆட்டமாகத்தான் தெரியும். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள தூரம் அப்படி ஏமாற்றாது. அதே துப்பாக்கியில் வேறு மேகசின்களைப் போட்டு அதே மாதிரி கோடு போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு மேகசினில் மட்டும் கோடுகள் விலகி நின்றால் குற்றம் அந்த மேகசினில். எல்லாவற்றிலும் விலகினால் துப்பாக்கியில்.

மேகசினில் என்றால் பின்பக்க முனைகளைப் பாருங்கள். தேய்ந்து உருண்டிருக்கும், அல்லது ஒன்று மற்றதைவிடத் தாழ்ந்திருக்கும். அடுத்து, தோட்டாவைப் பிடித்து வைக்கும் மேல் உதடுகள். நல்ல மேகசின் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, தோட்டா எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஒப்பிட்டால் விரிந்திருப்பது உடனே தெரியும். விரிந்த உதட்டைக் குறடால் வளைக்க நினைக்காதீர்கள். ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் கோணும். பிற்காலத்தில் மலிவாக வந்த மேகசின்கள் பலவற்றில் புதிதிலேயே இந்தக் குறை உண்டு. பின்பக்கத்தில் குட்டி எழுத்துகளில் தயாரிப்பாளர் குறி உள்ள போர்க்காலத்து 15 தோட்டா மேகசின் கிடைத்தால், கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குங்கள். நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் இருப்பவர்கள் வாங்கும் முன் கொள்ளளவுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் விஷயத்தில் மேகசின் நன்றாகவே இருந்தது. வீட்டுக்கு வரச்சொல்லிப் பிரித்துப் பார்த்தோம். குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் வளையமான முன்பக்க பேண்டின் திருகைத் தளர்த்தி, கட்டையிலிருந்து குழலையும் ரிசீவரையும் தூக்கி, டிரிகர் ஹவுசிங்கைப் பிடித்திருக்கும் உலோக ஊசியை (பின்) தள்ளி எடுத்தால் மேகசின் கேட்ச் கண்ணெதிரே வந்துவிடும். அவருடையது பழைய மாதிரிக் கேட்ச். 15 தோட்டா மேகசினுக்காகச் செய்தது, இரண்டு முனைகளை மட்டும் தாங்கும். 30 தோட்டா மேகசின் வந்தபோது அதன் உடம்பில் மூன்றாவதாக ஒரு முனை வைத்தார்கள். அதைத் தாங்க, கேட்ச்சிலிருந்து ஒரு சிறு கை நீண்டிருக்கும்படி மாற்றினார்கள். தம்பியின் மேகசினில் அந்த மூன்றாவது முனை இருந்தது, தாங்கத்தான் கை இல்லை. கேட்ச்சின் விளிம்பும் நகத்தை வைத்து இழுத்தால் மாட்டாத அளவுக்கு மழுங்கியிருந்தது.

கை நீண்ட கேட்ச்சும் புது ஸ்பிரிங்கும் வரவழைத்துப் போட்டோம். ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள், விலை ஒன்றும் இல்லை. இதைச் செய்தும் எல்லா மேகசினும் தொங்கினால், டிரிகர் ஹவுசிங்கையே பிடித்து ஆட்டிப் பாருங்கள். கேட்ச் உட்கார்ந்திருப்பது அதில்தான். அதைப் பிடிக்கும் பின்னோ, பின் போகும் துளையோ தேய்ந்திருந்தால் ஹவுசிங்கோடு கேட்ச்சும் கீழே இறங்கும்.

மேகசின் தானாகக் கழன்று விழுகிறது என்றால், கேட்ச்சைக் குறை சொல்லும் முன் உங்கள் விரலையும் கவனியுங்கள். ஆரம்பக் கால கார்பைனில், தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டியும் மேகசின் கேட்ச்சும் அடுத்தடுத்து இருக்கும் அமுக்கு பொத்தான்கள். அவசரத்தில் சேஃப்டி என்று நினைத்து வீரர்கள் கேட்ச்சை அமுக்க, மேகசின் காலடியில் விழுந்தது. அதனால்தான் பின்னால் சேஃப்டியைச் சுழலும் நெம்புகோலாக மாற்றினார்கள்.

சத்தம் பிடிக்காமல் மேகசினைச் சுற்றி டேப் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். டேப் உரசி மேகசின் முழுதாக ஏறாமல் நின்றுவிடும், ஆட்டமும் இல்லாததால் ஏறிவிட்டது என்று நம்பிவிடுவோம். போல்ட் மூடியிருக்கும்போது நிறைந்த மேகசினைப் போட்டால் மேல் தோட்டா போல்ட்டின் அடியில் முட்டும், அப்போது இன்னும் அழுத்தித் தள்ள வேண்டும். க்ளிக் கேட்டதும் ஒருமுறை கீழே இழுத்துப் பாருங்கள். தம்பி இப்போது 30 போட்டே சுடுகிறார், முதல் தோட்டாவிலிருந்தே ஏறுகிறது. மேகசின் இன்னமும் லொடலொடக்கிறது, என்னுடையதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.