தலை இறங்காத மணி நேரங்கள்

அக்டோபர் 9

கடைமடையில் சம்பா விதைப்பு நடக்கிறது, மதியம் வரை துணை சுகாதார நிலையத்துக்கு யாரும் வரவில்லை, அப்புறம் மொத்தமாக வந்தார்கள். அதில் ஒருத்திக்கு முதல் பிரசவம், 19 வயது, உயரம் 143 செ.மீ. அட்டையில் சிக்கலான பிரசவம் என்று குறித்ததும் மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. “நானும் இவ உசரந்தான் நர்சம்மா, நாலு பெத்து எழுந்திரிச்சேன்.”

அவர் சொல்வது பொய்யில்லை. குள்ளமானவர்களில் பெரும்பாலோருக்குச் சுகப்பிரசவம்தான் ஆகிறது. ஆனால் சிறு வயதில் சரியான சாப்பாடு இல்லாமல் வளர்ந்த பெண்ணுக்கு இடுப்பெலும்பு குறுகலாக இருக்க வாய்ப்புண்டு. உயரம் நின்ற பிறகும் இடுப்பு வளர்ந்துகொண்டிருக்கும், அதனால் 15, 16 வயதில் பிள்ளை பெறுகிறவளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். குழந்தையின் தலை இறங்குமா என்பது வலி வந்த பிறகுதான் தெளிவாகத் தெரியும். அந்த நேரத்தில் அவள் ஆபரேஷன் வசதி உள்ள இடத்தில் இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 13

தெருக்கோடி அப்பாயி இன்றுதான் வாய் திறந்தார். எழுபதைத் தாண்டியவர், கல்யாண வீடுகளுக்குப் போகமாட்டார், பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்காரமாட்டார். பதினாறு வயதில் முதல் பிரசவம், வீட்டிலேயே மூன்று நாள் வலி, குழந்தை இறந்தே பிறந்தது. சில நாளில் சிறுநீர் தானாகச் சொட்ட ஆரம்பித்தது, இன்றுவரை நிற்கவில்லை. அம்மா வீட்டில் இவரைக் கொண்டுவந்து விட்ட புருஷன் திரும்ப வரவே இல்லை.

நடந்தது இதுதான். வழியில் மாட்டிக்கொண்ட தலை மணிக்கணக்காகச் சிறுநீர்ப்பையை இடுப்பெலும்போடு சேர்த்து நசுக்குகிறது, அந்த இடத்துக்கு ரத்தம் போவதில்லை, சதை செத்து உதிர்ந்து ஓட்டை விழுகிறது. ஃபிஸ்டுலா என்பார்கள். பின்பக்கம் நசுங்கினால் மலமும் வழியும். ஊர் இவரைப் பாவம் செய்தவள் என்றிருக்கிறது. எனக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு வந்தது. நேரத்துக்கு ஒரு சிசேரியன் செய்ய ஆளிருந்தால் குழந்தையும் பிழைத்திருக்கக்கூடும், இவரும் இப்படி ஒதுங்கி வாழ்ந்திருக்க வேண்டாம்.

அக்டோபர் 22

விடாத மழை, வாய்க்கால் ரோட்டுக்கு மேலே ஓடுகிறது. தேடியஸ், மெய்ன் என்ற ஆய்வாளர்கள் 1994-இல், தாய்மார் ஏன் சாகிறார்கள் என்று பார்த்து மூன்று தாமதங்களைச் சொன்னார்கள்: போகலாம் என்று முடிவெடுக்க, போய்ச் சேர, போன இடத்தில் கவனிக்க. பிரசவக் காயங்களுக்கும் அதே கதைதான். நம் பக்கம் 108 இருக்கிறது, பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம், ஆனாலும் முதல் தாமதம் போகவில்லை. திருப்பூரிலோ துபாயிலோ இருக்கிற புருஷனுக்கு போன் போட்டு, அவர் எடுத்து, சரி என்று சொல்லும்வரை வலியோடு காத்திருக்கும் பெண்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். முதல் பிரசவத்தில் கருப்பை வாய் முழுதாகத் திறந்த பிறகு மூன்று மணி நேரத்துக்குள் குழந்தை வந்துவிட வேண்டும். வராவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும், இன்னும் முக்கு என்று வயிற்றை அழுத்தக்கூடாது. வலிக்கு நடுவே சிறுநீர் கழிக்க வைப்பதும் முக்கியம், நிறைந்த நீர்ப்பை எளிதில் நசுங்கும்.

நவம்பர் 3

143 செ.மீ. பெண்ணைத் தேதிக்கு முன்பே அட்மிட் பண்ண வைத்தோம். வலி வந்து பல மணி நேரமாகியும் தலை இறங்கவில்லை, சிசேரியன். இருவரும் நலம். நீர்ப்பை நசுங்கியிருக்கலாம் என்று சிறுநீர் டியூபை இரண்டு வாரத்துக்கு விட்டு வைத்திருக்கிறார்கள். மாமியார் அதை எப்போது எடுப்பார்கள் என்று நச்சரிக்கிறார். அவசரப்பட வேண்டாம் என்று உட்கார்ந்து விளக்கினேன், ஏனென்றால் நீர்ப்பை காலியாகவே இருந்தால் அடிபட்ட சதை தேற வழியுண்டு, சிறிய ஓட்டை சில வாரங்களில் தானாக மூடிக்கொள்வதும் உண்டு.

பல ஆண்டு பழைய ஓட்டையையும் ஆபரேஷனில் மூட முடியும் என்று அப்பாயியிடம் சொன்னேன். இத்தனை வருஷம் ஒருத்தரும் சொல்லலையே என்றார். ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிது என்று முதலில் சாயம் விட்டுப் பார்ப்பார்கள். வியாழக்கிழமை நானும் கூடப் போகிறேன், மாற்றுப் புடவை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.