வாடைக்காலத்தில் கவர் அடிப்பது

கல்யாணப் பத்திரிகை கவருக்கும் பள்ளிக்கூடக் கவருக்கும் பிரிண்டர் தேடுகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "நிமிஷத்துக்கு எத்தனை பக்கம்?" அந்தக் கணக்கு ஏ4 தாளுக்கு. கவரில் அதில் பாதி வந்தாலே பெரிது.

காரணம் லேசர் பிரிண்டரின் பியூசர், அதாவது டோனர் என்கிற மைப்பொடியைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் தாளில் ஒட்டவைக்கிற பகுதி. ஏ4 அகலம் 210 மி.மீ.; 9க்கு 4 இன்ச் கவர் நீளவாக்கில் உள்ளே போகும்போது சுமார் 100 மி.மீ. மட்டுமே. கவர் படுகிற இடத்துச் சூட்டைக் கவர் இழுத்துக்கொள்ளும். படாத ஓரங்களில் சூடு ஏறிக்கொண்டே போகும். அது எல்லை மீறாமலிருக்க மெஷின் நின்று நின்று ஓடும். ரிப்பேர் என்று ஆளைக் கூப்பிட வேண்டாம். கவர் ஓட்டிய கையோடு ஏ4 போட்டால்தான் வம்பு, ஓரத்தில் டோனர் இழுவும். கொஞ்சம் ஆறவிடுங்கள்.

லேசர் வாங்குவதென்றால் வேகத்தை விட்டுவிட்டு இரண்டைப் பாருங்கள். பின்கதவைத் திறந்தால் கவர் வளையாமல் நேராக வெளியே வருகிறதா? பியூசர் அழுத்தத்தைக் குறைக்க கவர் லீவரோ செட்டிங்கோ இருக்கிறதா? 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேப்லித்தோ தாளில் செய்த கவர் என்பது இரண்டு தாள், அதாவது 160. ஒட்டு விழுந்த இடத்தில் மூன்று தாள், 240. ஒரே கவருக்குள் இப்படி மேடு பள்ளம் இருக்க, முழு அழுத்தம் கொடுத்தால் மேல்தாளும் கீழ்தாளும் ஒன்றையொன்று நழுவி கடைசியாக உள்ளே போகிற பக்கத்து மூலையில் சுருக்கம் விழும். ஒட்டு மேல் எழுத்து வந்தால் விட்டுவிட்டுப் பதியும். வாங்குமுன் உங்கள் கவரிலேயே 20 எடுத்துப்போய் ஓட்டிப் பாருங்கள். மூலையைப் பாருங்கள், எழுத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

நம் கடற்கரைப் பக்கத்தில் இதையெல்லாம் மிஞ்சுவது ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசி மழை பிடித்தால், பிரித்துவைத்த கட்டு ஒரே ராத்திரியில் நமத்துவிடும். நமத்த கவர் பியூசருக்குள் போனால் உள்ளே ஆவி கிளம்பி உப்பும், சுருங்கும். டோனரும் சரியாக ஒட்டாது. தண்ணீர் தொட்டு ஒட்டுகிற பசை மூடியோடு தானே ஒட்டிக்கொள்ளும். நூறு நூறாகப் பிரியுங்கள், மீதி மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இருக்கட்டும். ட்ரேயில் விட்டுவிட்டுக் கடையைப் பூட்டாதீர்கள். அடுக்குமுன் கவர்க்கட்டை விசிறிப் பிரித்து, மேஜையில் வைத்து அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். இரண்டு கவர் சேர்ந்து போவது பெரும்பாலும் இதைச் செய்யாததால்தான். கவரை உள்ளே இழுக்கிற பிக்கப் ரோலரைத் தண்ணீர் தொட்டுப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும், தின்னர் ரப்பரைக் கெடுக்கும்.

ஸ்டிக்கர் பசைக் கவர், பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த கவர் இரண்டையும் சாதாரண லேசரில் விடாதீர்கள். உருகி பியூசரில் ஒட்டினால் கவர் வேலையில் வந்த லாபம் அதோடு போச்சு. அவற்றுக்கு இங்க்ஜெட், அதிலும் பிக்மென்ட் மை. டை மை என்றால் ஒரு துளி மழை விழுந்தாலே விலாசம் கரைந்துவிடும்.

5,000 கவரிலும் ஒரே வாசகம் என்றால் டிஜிட்டலே வேண்டாம், தகடு வைத்து அடிக்கிற ஆஃப்செட் அச்சகத்துக்குக் கொடுங்கள். விலாசம் மட்டும் மாறுகிறதென்றால் லோகோவை ஆஃப்செட்டில் அடித்து, விலாசத்தை லேசரில் ஏற்றலாம். ஆஃப்செட் மை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் இளகி அடுத்தடுத்த கவரில் நிழலாக விழும். மழைநாளில் அது காய்வதும் தாமதம்.

விலாசப் பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததா, யூனிகோடா என்று மெயில் மெர்ஜுக்கு (பட்டியலிலிருந்து ஒவ்வொரு கவருக்கும் விலாசத்தைத் தானாக ஏற்றுவது) முன்பே பாருங்கள். பாமினி என்றால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டே தொடங்குங்கள். பின்கோடு வாரியாக அடுக்கினால் கீழக்கரை 623517, ராமேஸ்வரம் 623526 என்று கட்டுக்கட்டாகவே வெளியே வரும். ஆனால் பின்கதவு வழியே வருகிற கவர் முகம் மேலாக விழுவதால் வரிசை தலைகீழாகும். எக்செலில் இறங்குவரிசையில் அடுக்கிவிட்டு அடியுங்கள்.