பட்டியலில் என் பெயர் இல்லை

வாக்குப்பதிவுக்கு ஏழு வாரம் இருக்கும்போதுதான் வாக்காளர் பட்டியலில் என் பெயர் இல்லை என்று தெரிந்தது. வீடு மாறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முகவரியை மாற்றவேண்டும், மாற்றவேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன், அதற்குள் பழைய வீட்டுக்குச் சரிபார்க்க வந்தவர்கள் ஆள் இல்லை என்று பெயரை எடுத்துவிட்டார்கள். முதலில் பெரிய வருத்தமெல்லாம் இல்லை. இத்தனை லட்சம் பேர் போடும் இடத்தில் என் ஒரு ஓட்டு என்ன செய்துவிடப் போகிறது, இந்த முறை விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது.

அப்படி நினைப்பதற்குக் கணக்கும் துணைக்கு வருகிறது. ஓட்டுப் போடப் போகும் அலைச்சல் நிச்சயம், அந்த ஒரு ஓட்டால் முடிவு மாறும் வாய்ப்போ அநேகமாக இல்லை, அப்புறம் ஏன் ஒருவர் போகவேண்டும் என்ற கேள்வியை அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆண்டனி டவுன்ஸ் 1957லேயே எழுப்பிவிட்டார். 2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் புள்ளியியல் அறிஞர் ஆண்ட்ரூ கெல்மனும் வேறு இருவரும் சேர்ந்து போட்ட கணக்கில், சராசரி வாக்காளர் ஒருவரின் ஓட்டு முடிவைத் தீர்மானிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 6 கோடியில் 1 என்று வந்தது. இதைப் படித்துவிட்டு ஒரு வாரம் பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தைத் தொடவே இல்லை.

என்னை அசைத்தது ஒரே ஒரு வாக்குச்சீட்டின் கதை. 2017ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில அவையின் 94வது தொகுதியில் மறு எண்ணிக்கை நடந்து, ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரு ஓட்டில் ஜெயித்தார் என்றார்கள். மறுநாள் ஒரு சீட்டு நீதிபதிகள் முன்னால் வந்தது. அதில் இரண்டு வேட்பாளர்களின் வட்டமும் நிரப்பப்பட்டிருந்தது, ஒன்றின் மேல் மட்டும் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டை அடித்தல் என்று எடுத்துக்கொண்டு, எதிர் வேட்பாளர் டேவிட் யான்சிக்கு அந்த ஓட்டைக் கொடுத்தார்கள். இருவருக்கும் சரியாக 11,608. கடைசியில் ஒரு கிண்ணத்திலிருந்து சீட்டுக் குலுக்கி எடுத்து யான்சி ஜெயித்தார், அவருடைய கட்சிக்கு 51க்கு 49 என்று அவையில் பெரும்பான்மையும் கிடைத்தது.

ராஜஸ்தானில் 2008 சட்டமன்றத் தேர்தலில் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றதும் அப்போது நினைவுக்கு வந்தது, 62,216க்கு 62,215. சரி, அந்த 62,216 பேரில் ஜெயிக்கவைத்த அந்த ஒருவர் யார்? கேட்டுப் பார்த்தால்தான் புரிகிறது, அத்தனை பேரும்தான். அதே மாதிரி, ஜோஷிக்குப் போடலாம் என்றிருந்து வீட்டில் இருந்துவிட்ட ஒவ்வொருவரும் அந்தத் தோல்விக்குக் காரணம். 2000 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃப்ளோரிடா மாநிலத்தில் சுமார் 60 லட்சம் ஓட்டில் வித்தியாசம் 537. அங்கே யாருடைய ஓட்டும் தனியாக எதையும் மாற்றியிருக்காது, ஆனால் நாட்டின் அதிபர் யார் என்பது அந்தத் தனித்தனி ஓட்டுகளில்தான் முடிவானது. என் ஓட்டு கடைசி ஓட்டாக இருக்குமா என்றே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எண்ணும் மேஜையில் கடைசி ஓட்டு, முதல் ஓட்டு என்று எதுவும் கிடையாது.

அதற்குப் பிறகுதான் விண்ணப்பித்தேன். முதல் தடவை தள்ளுபடி, மின் கட்டண ரசீது வீட்டு உரிமையாளர் பெயரில் இருந்ததாம். வாடகை ஒப்பந்த நகலை வைத்து மறுபடி அனுப்பினேன். சரிபார்க்க வந்தவர் நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்திருந்ததால் அலுவலகத்தில் போய்க் கேட்க முடிந்தது, இல்லாவிட்டால் அங்கேயே முடிந்திருக்கும். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன், வந்து இரண்டே நிமிஷத்தில் பார்த்துவிட்டுப் போனார். பெயர் சேர்க்கக் கடைசி நாள் வாக்குப்பதிவுக்கு ரொம்ப முன்னாடியே முடிந்துவிடும் என்பதை மட்டும் யாரும் மறக்காதீர்கள், எனக்கு நான்கு நாள்தான் மிச்சம் இருந்தது. துணைப் பட்டியல் வந்ததும் திறந்து என் பெயரைப் பார்த்தேன், அப்பாடா என்றிருந்தது.

வாக்குச்சாவடியில் அலுவலர் பட்டியலின் மேல் ஒரு ஸ்கேலை வைத்து, வரி வரியாகக் கீழே இறக்கி என் பெயரில் நிறுத்தினார். சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. அந்தப் பக்கத்தில் என் பெயருக்கு மேலே நான்கு பேர், கீழே இரண்டு பேர் இன்னும் கோடு விழாமல் இருந்தார்கள். மணி நாலரை ஆகியிருந்தது. வெளியே வரும்போது வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள், அந்த ஆறு பேரில் யாராவது அதில் இருக்கவேண்டுமே என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.