பந்து யார் கையில் என்று சொல்லும் தொழில்

நாகர்கோவில் வட்டாரத்தில் விடுமுறைக் காலத்தில் நடக்கும் கூடைப்பந்துப் போட்டிகளுக்கு ஒலிபெருக்கியில் வர்ணனை செய்து வருகிறேன். அதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட சிக் ஹெர்னைப் பற்றி நம் பக்கத்து இளைஞர்கள் அறிய வேண்டும் என்பது என் விருப்பம்.

அமெரிக்காவின் பியோரியா என்ற சிறு நகரத்து வானொலியில் விளையாட்டு வர்ணனை செய்துவந்த அவர், 1961இல் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியின் குரலானார். 1965 நவம்பர் 21 முதல் 2001 டிசம்பர் 16 வரை, ஒன்றைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து 3,338 ஆட்டங்களை வர்ணித்தார். இதய வால்வு அறுவை சிகிச்சைதான் அந்தத் தொடர்ச்சியை நிறுத்தியது. அடுத்த ஏப்ரலிலேயே திரும்பி வந்து, லேக்கர்ஸ் தொடர்ந்து மூன்றாம் முறை வாகை சூடியதையும் வர்ணித்த அவர், 2002 ஆகஸ்ட் 5 அன்று தமது 85ஆம் வயதில் மறைந்தார்.

இந்த எண்ணிக்கையை விட அவர் பேசிய முறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அவருடைய ஒரே வர்ணனைதான் சென்றது. எனவே திரையில் எல்லாம் தெரிகிறதே என்று சும்மா இருக்க அவருக்கு வழியில்லை. பந்து யாரிடம் இருக்கிறது, ஆடுகளத்தின் எந்தப் பக்கம் நகர்கிறது, எறிவதற்கு இன்னும் எத்தனை நொடி மிச்சம் என்பதை, பார்க்க இயலாத ஒருவருக்காக அவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் தமிழ்க் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இரண்டு பந்துகளுக்கு நடுவே கிடைக்கும் அவகாசத்தின் அருமை தெரியும். கூடைப்பந்தில் அந்த அவகாசமே கிடையாது. 24 நொடிகளுக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற விதியை, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ. 1954இல் கொண்டுவந்த பிறகு ஆட்டத்தின் வேகம் இன்னும் கூடிவிட்டது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், இலக்கணம் பிசகாமல் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் பந்து மறுமுனைக்குப் போய்விடும். ஆகவே ஆட்டக்காரர் பெயரையும் அவர் நிற்கும் இடத்தையும் மட்டும் அடுக்கிக்கொண்டே போய், வினைச்சொல்லைப் பந்து கூடைக்குள் இறங்கும் நேரத்துக்காக வைத்துக்கொள்வதே சிறந்தது என்று நான் கருதுகிறேன்.

குளச்சல், தூத்தூர்க் கரையோரங்களில் கால்பந்து ஆட்டத்தை மூச்சுவிடாமல் வர்ணிக்கும் திறமைசாலிகள் இருக்கிறார்கள். ஆனால் மைதானத்து ஒலிபெருக்கி வர்ணனை, ஆட்டத்தைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கானது. நன்கொடையாளர் பெயர்களை வாசிப்பதிலேயே அதில் பாதி நேரம் போய்விடுகிறது. வானொலிக்கு வேறொரு பயிற்சி வேண்டும்.

இத்தொழிலில் ஆசையுள்ள மாணவர்கள் தொலைக்காட்சியின் ஒலியை அடைத்துவிட்டு, ஆட்டத்தின் ஒரு கால்பகுதியை முழுவதுமாக வர்ணித்துக் கைபேசியில் பதிவு செய்யலாம். பிறகு அந்த ஆட்டத்தைப் பார்க்காத ஒருவரிடம் அதைக் கொடுத்து, பந்து சென்ற வழியைத் தாளில் வரையச் சொல்ல வேண்டும். ஆட்டத்தின் நடுவில் வானொலியைத் திறப்பவருக்கும் நிலவரம் புரியும்படி, ஒவ்வொரு கூடைக்குப் பின்னும் புள்ளிகளையும் மீதி நேரத்தையும் சொன்னோமா என்பதையும் அவரையே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.