மோதிரம், பைக் சாவி, தாலிச்சரடு: மெட்டல் டிடெக்டரோடு தேடிப் பார்த்த அனுபவம்

கடற்கரையில் மோதிரத்தைத் தொலைத்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த இடத்தைத்தான் காட்டுவார்கள். அங்கேயும் தேடத்தான் வேண்டும். ஆனால் மெஷினை ஆன் செய்வதற்கு முன்னால் நான் இப்போது ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறேன்: எழுந்ததும் கையில் ஒட்டியிருந்த மணலை எந்தப் பக்கம் பார்த்துத் தட்டினீர்கள்?

பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு தம்பியின் நிச்சயதார்த்த மோதிரம் கிடைத்தது அந்தக் கேள்வியால்தான். நண்பர்களோடு உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டிருக்கிறார், எண்ணெய்க் கையை மணலில் தேய்த்திருக்கிறார், எழுந்து கடலைப் பார்த்து நின்று இரண்டு கையையும் உதறியிருக்கிறார். மோதிரம் ஏற்கெனவே கொஞ்சம் லூசு. உட்கார்ந்த இடத்தை நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து நோண்டி, குழியும் மேடுமாக ஆக்கி வைத்திருந்தார்கள். "அண்ணா, நான் இந்த இடத்தை விட்டு நகரவே இல்லை" என்று அவர் அடித்துச் சொன்னார். அவரை மறுபடி அதே இடத்தில் உட்கார வைத்து, எழச் சொல்லி, கையை உதறச் சொன்னேன். உதறிய திசையில் நாலைந்து எட்டு தள்ளி, இரண்டு விரல் ஆழத்தில், மோதிரம் படுத்த வாக்கில் கிடந்தது.

மெஷின் மேல் எனக்கு ஆசை வந்த காலத்தில் பார்த்ததெல்லாம் வெளிநாட்டு வயல்களில் பழைய நாணயம் தோண்டும் வீடியோக்கள்தான். நம் ஊரில் அந்த வழி சரிப்படாது, வேண்டியதும் இல்லை. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களின் பக்கம் மெஷினோடு போகவே கூடாது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்கு நான் கையை வீசிக்கொண்டுதான் போவேன். நேற்றுத் தொலைந்த பொருளுக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார், அவருக்காகத் தேடுகிறோம், கிடைத்ததும் அவர் கையில் கொடுக்கிறோம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ரோந்து வரும் காவலர் என்ன ஏது என்று கேட்டால் சொந்தக்காரரே பதில் சொல்லிக்கொள்வார்.

முதலில் வாங்கியது ஒரே அதிர்வெண்ணில் வேலை செய்யும் சாதாரண மெஷின். காய்ந்த மணலில் நன்றாகவே ஓடியது, ஈர மணலில் கால் வைத்ததும் கத்த ஆரம்பித்தது. அது மெஷினின் கோளாறு இல்லை. மெஷினின் அடியில் தட்டு மாதிரி இருக்கும் கம்பிச்சுருளைக் காயில் என்போம். அது வெளியே விடும் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும், அந்த மின்னோட்டம் திருப்பி அனுப்புவதைத்தான் மெஷின் கேட்கிறது. உப்புத்தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துவதால் ஈர மணல் முழுவதுமே அதற்கு உலோகமாகத் தெரியும். போதாக்குறைக்கு நம் கடற்கரையில் கருமணல் கோடு கோடாக ஓடும், அதிலுள்ள இரும்புத் தாது வேறு சேர்ந்துகொள்ளும். பிறகு பணம் சேர்த்து மைன்லேப் இக்வினாக்ஸ் 800 வாங்கினேன். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் வேலை செய்யும், உப்பின் சத்தத்தைத் தள்ளிவிடும், 3 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது. திரையில் ஒரு எண் காட்டும்: இரும்பென்றால் மைனஸ் பக்கம், வெள்ளியும் செம்பும் பெரிய எண்களில், தங்கம் பெரும்பாலும் கீழேயும் நடுவிலுமாக எங்கேயாவது. சிக்கலே அந்த நடுவில்தான். குளிர்பான டின்னைத் திறக்கும் வளையமும் மாத்திரை அட்டையின் தகடும் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளும் அதே எண்களில்தான் உட்கார்ந்திருக்கும். ஒரு தங்க மோதிரம் 7 காட்டும், இன்னொன்று 16 காட்டும். தங்கத்துக்கென்று ஒரு எண் கிடையாது.

அதனால் மற்ற ஊர்க்காரர்களுக்கு அவ்வளவாக இல்லாத ஒரு வசதியை நான் பிடித்துக்கொண்டேன். நம் நகைகள் பாதிக்குப் பாதி ஜோடிதானே! தோடு, ஜிமிக்கி, மெட்டி, கொலுசு, வளையல், எல்லாமே. ஒன்று தொலைந்தால் இன்னொன்று கையில் இருக்கும். அந்த இன்னொன்றை வாங்கி, காயிலுக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி இப்படியும் அப்படியும் ஆட்டினால் எந்த எண், எந்த ஓசை என்று தெரிந்துவிடும். படுத்த வாக்கில் ஒரு தடவை, நிமிர்த்தி ஒரு தடவை பார்க்க வேண்டும், ஏனென்றால் ஓசை மாறும். சாவியென்றால் வீட்டிலிருக்கும் மாற்றுச் சாவியைக் கொண்டுவரச் சொல்வேன். ஒற்றை மோதிரம் தொலைந்தவருக்குத்தான் ஜோடி இல்லை. அவரிடம் எத்தனை கிராம், கல் வைத்ததா, வளையம் முழுசா அல்லது பின்பக்கம் வெட்டிவிட்டு அளவு மாற்றக்கூடியதா என்று கேட்பேன். வளையத்தில் வெட்டு இருந்தால் மின்னோட்டம் முழுசாகச் சுற்றாது, சத்தம் நன்றாகவே குறைந்துவிடும்.

சாவி விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மெஷினை வாங்கிய எல்லாரும் முதலில் கற்பது இரும்பைத் தள்ளும் டிஸ்கிரிமினேஷனைத்தான். ஆணி, கம்பி, சோடா மூடியெல்லாம் கேட்காமல் போனால் நிம்மதிதான், ஆனால் பைக் சாவி தேடும்போது அதை முழுசாக எடுத்துவிட வேண்டும். சாவி வளையம் எஃகு, சில சாவியே எஃகு, சிலதில் பித்தளை. இரண்டும் சேர்ந்து கிடந்தால் மெஷினில் எண் நிற்காது, மைனஸுக்கும் பிளஸுக்குமாகத் தாவும். அந்தத் தாவலைத்தான் நான் தேடுகிறேன். திருவான்மியூரில் ஒரு கல்லூரிப் பையன், இரவு ஒன்பது மணிக்கு மேல், வீட்டுக்குப் போன் செய்யப் பயந்துகொண்டு நின்றான். பந்து விளையாடிய இடம் பெரிசு, ஆனால் அவன் எத்தனை தடவை கீழே விழுந்தான் என்று அவன் நண்பன் சரியாக நினைவு வைத்திருந்தான். விழுந்த இடங்களை மட்டும் பார்த்தோம். முதலில் சோடா மூடிகள், அப்புறம் ஒரு ரூபாய் நாணயங்கள் (இப்போதைய ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் காந்தத்தில் ஒட்டும் எஃகு, அதனால் அவையும் இரும்புப் பக்கம்தான் பேசும்), பிறகு அந்தத் தாவல். பையன் சாவியை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டான்.

தேடும் முறையில் சொல்ல அதிகமில்லை. நாலு குச்சி, கொஞ்சம் கயிறு. கட்டம் கட்டி, வாசல் பெருக்குகிற மாதிரி முந்தின வீச்சின் மேல் பாதி ஏறியே அடுத்த வீச்சு போக வேண்டும். காயில் தரையை ஒட்டியே போகட்டும், வீச்சின் கடைசியில் அதைத் தூக்கிவிடுகிற பழக்கம் எல்லாருக்கும் வரும், அங்கேதான் பொருள் தப்பிவிடும். நெடுக்கே முடித்துவிட்டு அதே கட்டத்தைக் குறுக்கே ஒரு தடவை.

அலையடிக்கும் இடத்தில் விழுந்தது வேறு கணக்கு. 22 காரட் தங்கம் தண்ணீரைவிட 17 மடங்குக்கு மேல் கனம், மணல் இரண்டரை மடங்கு சொச்சம்தான். ஒவ்வொரு அலையும் மணலைக் கலக்கும்போது மோதிரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும், கிளிஞ்சல் அடுக்கோ இறுகிய தரையோ தட்டும் வரை இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் அது பக்கவாட்டில் ஓடுவதைவிட ஆழம் போவதுதான் அதிகம். என் மெஷின் மோதிரத்தை ஒரு சாண் ஆழத்தில் தெளிவாகக் கேட்கும், அதற்கு மேல் சந்தேகம்தான். சென்னையில் அமாவாசை, பௌர்ணமியில்கூட ஓதத்தின், அதாவது கடல் மட்டத்தின், ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்பதால் தண்ணீர் வெகுதூரம் விலகிக் கொடுக்காது, முழங்கால் தண்ணீரில் நின்று நீண்ட கைப்பிடி ஸ்கூப்பால்தான் அள்ள வேண்டும். அன்றைக்கே கூப்பிட்டால் வாய்ப்பு உண்டு. வடகிழக்குப் பருவமழையில் கடல் கரையை வெட்டிப்போட்ட பிறகு கூப்பிட்டால், இறங்கிய மோதிரம் மேலே வந்திருக்கவும் கூடும், அந்த இடமே இல்லாமல் போயிருக்கவும் கூடும். கோவளத்தில் அலைக்குள் போன ஒரு மூக்குத்தியைத் தேடவே வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் நேராகச் சொல்லிவிட்டேன். வருத்தப்பட்டார்கள். ஆனாலும் பொய்யாக நம்பிக்கை கொடுப்பது எனக்குப் பிடிக்காது.

சங்கிலிதான் எல்லாவற்றிலும் கஷ்டம். எடை இருக்கிறதே, பெரிய சத்தம் கொடுக்கும் என்று நினைப்போம். ஆனால் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி, ஒன்றையொன்று லேசாகத்தான் தொடுகிறது, அதனால் சுழல் மின்னோட்டம் ஒவ்வொரு குட்டிக் கண்ணிக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடுகிறது. மூன்று பவுன் சங்கிலியைவிட அரைப் பவுன் மோதிரம் பலமாகக் கேட்கும். சங்கிலியில் மெஷினுக்குக் கேட்பது கொக்கியும் டாலரும்தான். தாலிச்சரடென்றால் நல்லவேளை, திருமாங்கல்யம் கனத்த தகடு.

இது உபயோகப்பட்டது மதுராந்தகம் பக்கத்தில், என் சித்தி வீட்டுத் தெருவில். ஒரு அக்கா மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கும்போது சரடு அறுந்து போருக்குள் போய்விட்டது. கழுத்தில் மஞ்சள் கயிற்றில் விரலிமஞ்சளைக் கட்டிக்கொண்டு, முந்தானையால் மூடியிருந்தார். "தம்பி, எங்க மாமியாருக்கு இன்னும் சொல்லல" என்றார், மெதுவாக. வைக்கோல் போர் மேல் மெஷினை எப்படி வீசுவது? வீச முடியாது. அதனால் மெஷினை ஒரு மர பெஞ்சில் காயில் மேல்நோக்கி இருக்கும்படி படுக்க வைத்தேன், அக்காவும் அவர் தம்பியும் வைக்கோலைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து அதன் மேல் கடத்திக்கொண்டே போய் அந்தப் பக்கம் போட்டார்கள். முன்னதாக அக்கா வெள்ளி மோதிரத்தைக் கழற்றினார், கண்ணாடி வளையல் கையிலேயே இருக்கலாம், அதற்குச் சத்தம் வராது. மெட்டி மட்டும் காலில் இருந்தது. பெஞ்சு இடுப்பு உயரம் என்பதால் அது தொந்தரவு செய்யவில்லை. வைக்கோலில் உலோகமே கிடையாது என்பதால் அவ்வளவு நேரமும் மெஷின் அமைதியாக இருந்தது. போர் பாதிக்குக் குறைந்த பிறகு ஒரு கைப்பிடியில் கணீரென்று ஒரு சத்தம். பிரித்துப் பார்த்தால் திருமாங்கல்யம், ஒரு பக்கத்துக் குண்டு, அறுந்த சரடின் ஒரு துண்டு. மீதி அடுத்தடுத்த கைப்பிடிகளில் கண்ணாலேயே தெரிந்தது. அக்கா எதுவும் பேசவில்லை, எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்துகொண்டு நேராக சாமி அறைக்குப் போனார்.

சிமெண்ட் தளத்தில் தேடக் கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு சேதி. கம்பி கட்டிய தளத்துக்கு மேல் மெஷின் ஓயாமல் கத்தும். 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டு, உடம்பில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு கருவி கொண்டுபோனார். படுக்கைக்குள் இருந்த எஃகு ஸ்பிரிங் அவர் கருவியையும் குழப்பியது. கம்பி மேல் கிடப்பதைக் கையால் தடவித்தான் எடுக்க வேண்டும். புது வீடு கட்டிய மனையும் அப்படித்தான், கட்டுக்கம்பித் துண்டு இல்லாத அடி மண்ணே இருக்காது. அங்கே சின்ன காயில் மாட்டி, நிதானமாகத்தான் போக வேண்டும்.

தேடும்போது வேறு யாருடைய நகையாவது கிடைத்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். கிடைத்தது என்பதாலேயே அது என்னுடையதாகிவிடாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 71-ஆம் பிரிவு, கண்டெடுத்தவர் அதைப் பிறர் ஒப்படைத்த பொருளாகவே பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. இப்போது ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்கத்தில் ஹெச்.யூ.ஐ.டி. என்ற தனி அடையாளக் குறியீடு இருக்கிறது, 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. லென்ஸ் வைத்து அதைப் படித்து இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்த நகைக்கடையின் பதிவு என்று வரும், அங்கிருந்து வாங்கியவரைத் தேடலாம். ஒரு மோதிரம் இப்போது அந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறது, காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உரிமை கேட்டு வருகிறவர்களிடம் மோதிரத்தைக் காட்டுவதில்லை, உள்பக்கம் என்ன பொறித்திருக்கிறது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

என்னைக் கூப்பிட்டாலும் வேறு யாரைக் கூப்பிட்டாலும், தொலைந்தது தெரிந்த அந்த நிமிடமே நின்ற இடத்தில் நின்று போனில் லொகேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், விளக்குக் கம்பம், படகு, கடை ஏதாவது படத்தில் விழுகிற மாதிரி. காணும் பொங்கல் போலக் கூட்டம் இருக்கிற நாளில் இது இல்லாவிட்டால் மறுநாள் அதே இடத்தை நீங்களே கண்டுபிடிக்க மாட்டீர்கள். செருப்பையோ குச்சியையோ அடையாளம் வையுங்கள். கூட வந்தவர்களை நோண்ட விடாதீர்கள், மேலே கிடப்பதைக் கால்தான் உள்ளே அனுப்புகிறது. தொலைவதற்கு முன்னால் அன்றைக்கு எடுத்த போட்டோக்களைப் பாருங்கள், எந்தப் படம் வரைக்கும் மோதிரம் விரலில் இருக்கிறது என்று தெரிந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகிவிடும். ஜோடியில் மீதி ஒன்றையும் மாற்றுச் சாவியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். பெட்ரோல் செலவு தவிர நான் எதுவும் வாங்குவதில்லை.