40 வளைவுகளுக்கு மேலே

என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவள் நேற்று திருப்பூருக்கு வேலைக்குக் கிளம்பினாள். வால்பாறையில் இனி எங்கள் கூட்டத்தில் மூன்று பேர்தான் மிச்சம்.

ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். கீழிருந்து ஒன்பதாவதில் அணை முழுவதும் தெரியும். அங்கிருந்து போன் செய்தாள். இருவருக்குமே பேச்சு வரவில்லை.

எனக்கு 23 வயது. நானும் போகத்தான் வேண்டும் என்கிறார்கள். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். அவர் ஓய்வு பெற்றதும், தோட்டத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் இந்த லைன் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். நான் தவழ்ந்த திண்ணை இது, ஆனால் எங்களுடையது அல்ல. இதை நினைக்காமல் ஒரு நாளும் தூங்கியதில்லை.

சுற்றுலா வருபவர்கள் "கொடுத்து வைத்தவர்கள் நீங்கள்" என்கிறார்கள். உண்மைதான். சோலைமந்தி கூரைமேல் தாவும் ஊர் வேறு எங்கே இருக்கிறது? இங்கேயே ஒரு வேலையும் இருந்துவிட்டால் நான் வேறெதுவும் கேட்கமாட்டேன்.

இன்று மாலை சாலையோரச் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம். அம்மா இன்னும் வரவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறேன்.